அடிமட்டம்

போன மாதம் வரை கைத்தறி.
அதற்கு முன் அருங்காட்சியகம், நடுவில் எட்டு மாதம் சர்க்கரை.
இந்த ஐப்பசியில் மழைநீர் வடிகால்,
மிருணாளினி மேடத்துக்கு.

முதல் கூட்டத்தில் கேட்டார்:
"இன்வெர்ட் லெவல்னா என்ன?"
குழாயின் அடிவயிற்று மட்டம் மேடம், என்றேன்.
பின்வரிசையில் யாரோ இருமலுக்குள் சிரித்தார்கள்.
நான் சிரிக்கவில்லை என்று எழுத ஆசை.

அவருக்கு முன்னால் ஞானசிகாமணி சார்.
சிவில் படித்து, சைட்டில் கறுத்து,
ஒவ்வொரு படியாக மேலே வந்தவர்.
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும்
புளியந்தோப்பில் எந்தத் தெருவுக்கு எத்தனை சரிவு என்று
மூன்று தசமம் வரை சொல்வார்.
எதைக் கொண்டுபோனாலும் "முடியாதும்மா" என்பார்.
ஏன் முடியாது என்பதற்கும்
வரைபடம் வைத்திருப்பார்.
அவர் சொன்னது எப்போதும் சரியாக இருந்தது.
தண்ணீரும் எப்போதும் நின்றது.

பதினேழாம் தேதி இரவு
வியாசர்பாடி சுரங்கப்பாதையில் ஒரு பால் வண்டி
கூரை மட்டும் தெரிய நின்றது.
மேடம் வந்தார்,
யாரோ கொடுத்த, ஒரு சைஸ் பெரிய கம்பூட்டில்.
நூறு குதிரைத்திறன் மோட்டார் இரண்டும் இரைந்துகொண்டிருந்தன.
என் காதருகே வந்து கத்தினார்:
"இந்தத் தண்ணியக் கொண்டுபோய் எங்க விடறீங்க?"
கால்வாயில் மேடம்.
"கால்வாய்த் தண்ணி எங்க போகுது?"
கடலுக்கு மேடம்.
"இப்போ போகுதா?"

நான் செயற்பொறியாளரைப் பார்த்தேன்.
அவர் மோட்டாரைப் பார்த்தார்.
பம்ப் ஆபரேட்டர் தேசப்பன்தான்
பீடியைக் காதில் செருகிக்கொண்டு சொன்னார்:
"கடலு ஏறிக்கினு கீது மேடம். மூணு மணிக்கு மேலதான் உள்ள வாங்கும்.
இப்ப நாம ஊத்துறது
அந்தாண்ட செவுத்து ஓட்டையில திரும்பி வருது.
ஆறு வருசமா ஒரே தண்ணியத்தான் எறைக்கிறோம்."
ஏன்யா சொல்லலை?
"யாரு கேட்டா?"

இங்கே முடித்தால் நல்ல கதை.
தெரியாதவர் கேட்டார், தெரிந்தவர் தலைகுனிந்தார் என்று
பட்டிமன்றத்தில் கைதட்டலுக்கு விடலாம்.

ஆனால் அதே மேடம்தான் மறுநாள்
ரிப்பன் மாளிகைச் சுவரில் தொங்கிய படத்தைப் பார்த்து
மேலே இருப்பதெல்லாம் மேடு என்று நினைத்து
பெரிய பம்ப் இரண்டையும் தெற்கே அனுப்பினார்.
வடக்கு காகிதத்தில்தான் மேலே இருக்கிறது.
இதைச் சொல்ல எனக்கு நாற்பது நொடி கிடைத்தது.
அவர் வேகமாகப் பேசினார்,
எனக்குத் தைரியம் மெதுவாக வந்தது.
அன்றிரவு ஒரு தையற்காரி வீட்டில்
தீபாவளிக்கு வாங்கி வைத்த முப்பத்தொரு ரவிக்கைத் துணி
சாயம் கலந்து ஒரே நிறமானது.
மெஷின் மூன்று நாள் தண்ணீருக்குள்.
ஞானசிகாமணி சார் இருந்திருந்தால்
பம்ப் நகர்ந்திருக்காது.
ஓட்டையும் அடைபட்டிருக்காது.

தை பிறக்குமுன் மேடத்துக்கு மாற்றல், சுற்றுலாவுக்கு.
வழியனுப்பு விழாவில்தான்
இன்வெர்ட் லெவலைச் சரியான இடத்தில் சொன்னார்.
இந்த முறை யாரும் இருமவில்லை.

புதிதாக வருபவர் கால்நடை மருத்துவம் படித்தவராம்.
தோள்வரை கையை விட்டு
குறுக்கே நின்ற கன்றைத் திருப்பி எடுத்தவராம்.
அந்தக் கை இங்கே எதற்கு என்று
கேன்டீனில் பேசிக்கொள்கிறோம்.

பத்தொன்பது வருடம்.
எந்த மூடி எந்தத் தெருவில் என்று தெரியும்.
ஒன்றைக்கூட நான் திறந்ததில்லை.

தேசப்பன் டீசல் படிவத்தை நீட்டுகிறார்.
இன்றைக்குக் கடல் எத்தனை மணிக்கு ஏறும் என்று கேட்கிறேன்.
வானத்தைக்கூடப் பார்க்காமல் சொல்கிறார்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதிக்கொள்கிறேன்,
பென்சிலால்.